புது ரேம் போட்டபின் கம்ப்யூட்டர் கிராஷ் ஆகிறதா? படிப்படியாகக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

புது ரேம் போட்டு, கேபினெட்டை மூடி, ஸ்விட்சைப் போட்டதும் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 16 ஜிபி இருந்த இடத்தில் 32 என்று காட்டும். அரை மணி நேரம் கழித்து ப்ளூ ஸ்கிரீன். ரீஸ்டார்ட் ஆகி வந்தால் பிரவுசர் தானாக மூடிக்கொள்ளும். மறுநாள் கேம் பாதியில் நின்றுபோகும். உடனே மனதில் வருவது ஒன்றுதான்: கெட்டுப்போன ரேமை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். 8 ஜிபி டிடிஆர்4 (ரேமின் ஒரு தலைமுறை) ஸ்டிக் இரண்டு வாங்கிப் போட்டேன், கிராஷ் ஆனது. சண்டை போடாத குறையாக அந்த ஜோடியை மாற்றி வாங்கி வந்தேன். அதிலும் அதே கிராஷ். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, நான்காவது ஸ்லாட்டின் அடியில் துணியிலிருந்து பிரிந்த ஒரு நூலிழை குறுக்கே கிடந்தது. தூசி தட்டுகிறேன் என்று அந்தத் துணியால் ஸ்லாட்டைத் துடைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

ரேம் மாற்றியபின் வரும் கிராஷுக்கு ஸ்டிக் காரணமாக இருக்கலாம், ஸ்லாட் காரணமாக இருக்கலாம், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) செட்டிங் காரணமாக இருக்கலாம். வெளியே மூன்றுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. அதற்கு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஸ்லாட்டையும் மாற்றி, பயாஸையும் அப்டேட் செய்து, விண்டோஸையும் திரும்பப் போட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

தொடங்கும் முன்: டிஸ்க்கைக் காப்பாற்றுங்கள்

ரேமில் பிழை இருந்தால் கிராஷ் மட்டும் ஆவதில்லை. நீங்கள் சேமிக்கும் ஃபைல் டிஸ்க்குக்குப் போகும் வழியில் ரேமில்தான் கொஞ்ச நேரம் தங்குகிறது. அங்கே ஒரு பிட் புரண்டால், புரண்டபடியே டிஸ்க்கில் எழுதப்படும். எந்த எச்சரிக்கையும் வராது. மாதங்கள் கழித்து ஒரு போட்டோவின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் திறக்கும்போதுதான் தெரியவரும். அதனால் பிரச்சனை தீரும்வரை விண்டோஸ் அப்டேட் வேண்டாம், பெரிய ஃபைல்களைக் காப்பி செய்ய வேண்டாம், பழைய பேக்கப்பின் மேல் புதிதாக எழுத வேண்டாம். பயாஸ் அப்டேட் கூடவே கூடாது. அது பாதியில் நின்றால் மதர்போர்டே போய்விடலாம்.

இன்னொன்று. டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்தபின் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்டு நிற்பது சகஜம்.

முதல் படி: பழைய நிலைக்குத் திரும்புங்கள்

புது ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு, பழைய ரேமைப் பழைய ஸ்லாட்டிலேயே போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். பலரும் தாண்டிப் போகும் படி இது. ஆனால் பாதிக் குழப்பத்தை இதுவே தீர்த்துவிடும்.

கழற்றும் முன் கம்ப்யூட்டரை முழுவதுமாக அணைக்க வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், சாதாரண ஷட் டவுன் பாதித் தூக்கம்தான். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். பிறகு பவர் கேபிளை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். ஸ்டிக்கைத் தொடும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட வேண்டும்.

பழைய ரேமிலும் கிராஷ் ஆகிறதா? அப்படியானால் புது ரேமை விட்டுவிட்டு, வேலை செய்தபோது உங்கள் கை எங்கெல்லாம் பட்டது என்று யோசியுங்கள். ஸ்லாட்டை எட்டுவதற்குக் கிராபிக்ஸ் கார்டை அசைத்திருப்பீர்கள், பிராசஸருக்குப் போகும் பவர் கேபிள் லேசாக நெகிழ்ந்திருக்கும், டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிள் பாதி கழன்றிருக்கும். எல்லாவற்றையும் ஒருமுறை அழுத்திவிடுங்கள். பழைய ரேமில் எந்தத் தொல்லையும் இல்லையென்றால் மேலே போகலாம்.

இரண்டாம் படி: இந்த ரேம் இந்த போர்டுக்கு ஏற்றதுதானா?

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் நடுவில் இருக்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. டெஸ்க்டாப் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான். ஆனாலும் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. உட்காராததை அழுத்தி உட்காரவைக்கப் பார்க்காதீர்கள். வகை தவறாக இருந்தால் பொதுவாக கம்ப்யூட்டர் ஆன் ஆகவே ஆகாது என்பதால், ஓடி ஓடிக் கிராஷ் ஆகும் மெஷினில் இது அரிதாகவே காரணம். பார்க்க வேண்டியவை வேறு.

சர்வரிலிருந்து கழற்றி விற்கும் ரெஜிஸ்டர்டு ரேம் மலிவாகக் கிடைக்கும்; சாதாரண போர்டில் அது வேலை செய்யாது. டிடிஆர்3 காலத்து லேப்டாப்களில் சில 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகையை மட்டுமே ஏற்கும், 1.5 வோல்ட் ஸ்டிக் போட்டால் தகராறு செய்யும். டிடிஆர்5-இல் 24 ஜிபி, 48 ஜிபி என்று பின்னால் வந்த அளவுகளைப் பழைய பயாஸுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது பயாஸ் அப்டேட் தேவைதான். ஆனால் பழைய, நம்பகமான ரேமைப் போட்டுக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும்.

மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் பரிசோதித்த ரேம்களின் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் ஸ்டிக் இல்லையென்றால் பதற வேண்டாம். அவர்கள் பரிசோதித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பட்டியலில் இருந்தால், எத்தனை ஸ்டிக்குக்கு அந்த உத்தரவாதம் என்ற பத்தியையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டுக்குச் சரி என்று போட்டிருப்பது பல நேரம் நான்குக்குப் பொருந்தாது.

மூன்றாம் படி: கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டுங்கள்

ரேம் மாட்டும்போது பலரும் பயந்து பயந்து அழுத்துகிறார்கள். அதனால் ஒரு ஓரம் முழுதாக இறங்காமல் நின்றுவிடும். இப்படி அரைகுறையாக உட்கார்ந்த ஸ்டிக்கும் ஆன் ஆகும், விண்டோஸில் முழு அளவும் காட்டும். பிறகு சூட்டில் லேசாக விரிந்து தொடர்பு விட்டுப்போகும்போது கிராஷ்.

ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி, முடி, நூல், வளைந்த பின் ஏதாவது தெரிகிறதா? தூசி இருந்தால் காற்றடித்து எடுங்கள். துணி வேண்டாம், என் கதைதான் தெரியுமே. ஸ்டிக்கின் தங்க நிற விளிம்பை ரப்பரால் தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பலன் கிடைக்கும், ஆனால் ரப்பர்த் துகள் ஒன்று ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் ஒருமுறை துடைத்து, உலரவிட்டு மாட்டுவது நல்லது. விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு அதிலேயே போய்விடும்.

மாட்டும்போது வெட்டு நேராகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு முனைகளிலும் கட்டை விரலை வைத்துச் சமமாக அழுத்துங்கள். இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்க வேண்டும். சில போர்டுகளில் கொக்கி ஒரு பக்கம்தான் இருக்கும். அங்கே கொக்கி இல்லாத முனையைத்தான் இன்னும் கவனமாக அழுத்த வேண்டும், ஏனென்றால் இறங்கவில்லை என்று சொல்ல அங்கே சத்தம் வராது. லேப்டாப் ஸ்டிக்கைச் சாய்வாக உள்ளே தள்ளி, தங்க விளிம்பு ஏறக்குறைய மறைந்தபின் கீழே அழுத்த வேண்டும். பாதி வெளியே தெரியும்போதே மடக்கினால் கொக்கி மாட்டும், தொடர்பு இருக்காது.

எந்த ஸ்லாட் என்பதும் முக்கியம். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் போடுவதாக இருந்தால், பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்தான் போட வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். இன்றைய போர்டுகள் பலவற்றில் பிராசஸரிலிருந்து வரும் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் முடிகிறது. முடியும் இடத்தில் ஸ்டிக் இல்லையென்றால் சிக்னல் அங்கே மோதித் திரும்பி வரும். மெதுவான வேகத்தில் இது தெரியாது, வேகம் ஏறினால் பிழையாக வெளிவரும். உங்கள் போர்டின் மேனுவலில் இதற்கென்றே ஒரு படம் இருக்கும், அது சொல்வதுதான் முடிவு.

நான்காம் படி: எக்ஸ்எம்பியை நிறுத்துங்கள்

என்னைக் கேட்டால், ஸ்டிக் சரியாக உட்கார்ந்தபின்னும் கிராஷ் ஆகும் மெஷின்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எக்ஸ்எம்பியைத்தான், அதாவது ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்கை.

ரேம் பெட்டியில் 3600 என்றோ 6000 என்றோ பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்த வேகம் தானாக வருவதில்லை. ரேமுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் டிடிஆர்4 தரம் 1.2 வோல்ட்டில் 3200 வரை போகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ப்ரொஃபைலை இயக்க வேண்டும். இயக்கினால் டிடிஆர்4-இல் வோல்டேஜ் பெரும்பாலும் 1.35-க்கு ஏறும். டிடிஆர்5-இல் அடிப்படை 1.1 வோல்ட், ப்ரொஃபைலில் 1.25 முதல் 1.4 வரை சாதாரணம். பெயர் எதுவானாலும் இது ஓவர்கிளாக்தான், அதாவது தர வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஸ்டிக் அந்த வேகத்தைத் தாங்கும் என்று அதைத் தயாரித்தவர் சொல்கிறார். பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டும் தாங்குமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை.

பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை நிறுத்திவிட்டு, ரேம் வேகத்தை ஆட்டோவில் விட்டு, கிராஷ் ஆன அதே வேலையைத் திரும்பச் செய்து பாருங்கள். கிராஷ் நின்றுவிட்டால் ரேம் பெரும்பாலும் நல்ல ரேம்தான். அப்புறம் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். எக்ஸ்எம்பியைத் திரும்ப இயக்கி, வேகத்தை மட்டும் ஒரு படி குறையுங்கள். 3600-க்குப் பதில் 3400 அல்லது 3200, 6000-க்குப் பதில் 5600. இந்தச் சின்ன வித்தியாசம் அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரியாது. வோல்டேஜைக் கையால் ஏற்றிப் பார்ப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஏற்றலாம் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் அதைத் தொடாமலே இருக்கலாம்.

சிபியு-இசட் என்ற புரோகிராமில் வேகம் பார்க்கும்போது ஒரு விஷயம். 3200 ரேமுக்கு அது 1600 என்று காட்டும். ஒரு துடிப்பில் இரண்டு முறை தரவு போவதால் பாதி எண் தெரிகிறது, பாதி வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான லேப்டாப்களில் இந்த ப்ரொஃபைல் தொல்லையே கிடையாது, எனவே லேப்டாப்காரர்கள் அடுத்த படிக்குத் தாவலாம்.

ஐந்தாம் படி: பழையதும் புதியதும் கலந்திருந்தால்

ஏற்கெனவே இரண்டு ஸ்டிக் இருக்க, இன்னும் இரண்டு வாங்கிச் சேர்ப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதே கம்பெனி, அதே மாடல் எண் என்று பார்த்து வாங்கியிருப்பீர்கள். ஆனால் ஒரே மாடல் எண்ணுக்குள்ளேயே, தயாரித்த காலத்தைப் பொறுத்து உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம். ஒரே பெட்டியில் வந்த ஜோடியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்து அனுப்புகிறார்கள். இரண்டு பெட்டிகளைச் சேர்த்து யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

அதோடு, ஸ்டிக்குகள் நான்கானால் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். ரைசன் 7000 பிராசஸர் வரிசையில் இரண்டு டிடிஆர்5 ஸ்டிக்குக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 5200. நான்கு போட்டால் அதுவே 3600-தான். இது தெரியாமல் நான்கையும் போட்டு 6000-இல் ஓட்டிவிட்டு, ரேம் கெட்டது என்று திட்டுகிறோம்.

சோதிப்பது சுலபம். புது ஜோடியை மட்டும் போட்டு ஓட்டுங்கள். பழைய ஜோடியும் தனியாக நன்றாக ஓடும், புதியதும் தனியாக நன்றாக ஓடும், சேர்ந்தால் மட்டும் கிராஷ் என்றால் எந்த ஸ்டிக்கும் கெடவில்லை. வேகத்தைக் குறைத்து நான்கையும் வைத்துக்கொள்ளலாம். அல்லது பழையதை விற்றுவிட்டு, தேவையான அளவில் ஒரே ஜோடியாக வாங்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

ஆறாம் படி: மெம்டெஸ்ட், கூடவே ஒரு தாள்

எக்ஸ்எம்பி இல்லாமலும் கிராஷ் ஆகிறது என்றால் இனி ஊகிக்க வேண்டாம், சோதிக்கலாம். விண்டோஸிலேயே மெமரி டயக்னோஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது. அது பிழை காட்டினால் நம்பலாம், காட்டவில்லை என்றால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ போடுங்கள். இரண்டும் வேறு வேறு புரோகிராம்கள், இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. பென் டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். பூட் ஆக மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள்.

குறைந்தது நான்கு சுற்றாவது முழுதாக ஓடவிடுங்கள். ரேம் அளவைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். 'இத்தனை கோடியில் ஒன்றுதானே' என்று விடக்கூடாது. இதில் ஒரு விதிவிலக்கு: மெம்டெஸ்ட்86-இல் கடைசியாக வரும் ஹாமர் டெஸ்டில் மட்டும் பிழை வந்தால், அது அன்றாடப் பயன்பாட்டில் ஸ்டிக் கெட்டுவிட்டது என்பதற்குச் சாட்சியாகாது.

பிழை வந்தால் ஸ்டிக்குகளின் மேல் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். ஒரு ஸ்டிக்கை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டு டெஸ்ட், பிறகு அதே ஸ்டிக்கை அடுத்த ஸ்லாட்டில். தாளில் இப்படி எழுதிக்கொண்டே வாருங்கள்:

ஸ்டிக் 1, ஸ்லாட் ஏ2: பிழை இல்லை
ஸ்டிக் 1, ஸ்லாட் பி2: 14 பிழை
ஸ்டிக் 2, ஸ்லாட் ஏ2: பிழை இல்லை
ஸ்டிக் 2, ஸ்லாட் பி2: 9 பிழை

இந்தத் தாளைப் பார்த்தாலே விஷயம் புரியும். ஸ்டிக் எதுவானாலும் பி2-இல்தான் பிழை. அதாவது ஸ்லாட், அல்லது அந்தத் தடத்தின் மறுமுனையில் இருக்கும் பிராசஸர் சாக்கெட். கூலரை ஒரு பக்கமாக அதிகம் முறுக்கியிருந்தாலோ, சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலோ ஒரு சேனல் (பிராசஸருக்கும் ஸ்லாட்டுக்கும் இடையிலான ஒரு தடம்) மட்டும் இப்படித் தகராறு செய்யும். கூலரைத் தளர்த்தி, எதிரெதிர் ஸ்க்ரூக்களை மாறி மாறிச் சமமாக முறுக்கிப் பாருங்கள். மாறாக, எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஸ்டிக் 2 மட்டும் பிழை காட்டினால் ஸ்டிக் 2 கெட்டது, சந்தேகமே வேண்டாம். தனித்தனியாக எல்லாமே சுத்தம், சேர்த்தால் மட்டும் பிழை என்றால் நான்காம், ஐந்தாம் படிகளுக்குத் திரும்புங்கள்.

மெம்டெஸ்டில் சுத்தம், கேமில் மட்டும் கிராஷ் என்பதும் உண்டு. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. கேம் ஓடும்போது அதன் சூடு ரேம் பக்கம் வீசும். டிடிஆர்5 சூட்டுக்குச் சீக்கிரம் முகம் சுளிக்கும். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓட்டுங்கள். கிராஷ் நின்றால் காற்றோட்டத்தைக் கவனியுங்கள்.

ப்ளூ ஸ்கிரீன் என்ன சொல்கிறது?

'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' போன்ற பெயர்கள் வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம், ஆனால் மோசமான டிரைவராலும் (ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) இதே பெயரில் கிராஷ் ஆகும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) மாற்றப் போகாதீர்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்வதில்லை.

ஒரு ப்ளூ ஸ்கிரீனைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, ஐந்தாறை வரிசையாகப் பாருங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டரில் அவை சேர்ந்திருக்கும், ப்ளூஸ்கிரீன்வியூ என்ற சின்ன புரோகிராமில் திறக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரைக் கவனியுங்கள். இன்று நெட்வொர்க், நாளை ஆடியோ, மறுநாள் ஃபைல் சிஸ்டம் என்று பழி இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேமைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆன் ஆகவே இல்லை என்றால்

டிடிஆர்5 என்றால் முதலில் பொறுங்கள். புது ரேமைப் பார்த்ததும் போர்டு அதற்கேற்ற அளவுகளைக் கணக்கிட்டுக்கொள்ளும். திரை கறுப்பாகவே சில நிமிடம் இருக்கும், தானாக ஒன்றிரண்டு முறை அணைந்து எரியும். அதற்குள் பயந்து பவரை நிறுத்தினால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் கழித்தும் ஒன்றும் வரவில்லையென்றால் ஒரே ஸ்டிக்கை ஏ2-இல் போட்டு, சிமாஸை (பயாஸ் செட்டிங்குகள் சேமிக்கப்படும் இடம்) கிளியர் செய்யுங்கள். மேனுவலில் காட்டிய ஜம்பரைத் தொடுவித்தும் செய்யலாம், பவர் கேபிளை உருவிவிட்டு சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தும் செய்யலாம்.

சரியானபின்

கெட்ட ஸ்டிக்கைக் கண்டுபிடித்துவிட்டால் அதை மட்டும் தனியாக அனுப்பாமல், ஜோடியாக வந்ததை ஜோடியாகவே திருப்பிக் கொடுங்கள். மெம்டெஸ்ட் பிழைத் திரையைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் வாரன்டி பேச்சு சீக்கிரம் முடியும்.

பிறகு, கெட்ட ரேமோடு ஓடிய நாட்களில் விண்டோஸின் ஃபைல்கள் சிதைந்திருக்கலாம். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, ஸ்லாஷ், ஸ்கேன்நவ் என்ற கட்டளையைக் கொடுங்கள். சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால் அடுத்து, விண்டோஸைப் பழுதுபார்க்கும் டிஐஎஸ்எம் கட்டளை. அந்த நாட்களில் காப்பி செய்த போட்டோ, வீடியோ, ஜிப் ஃபைல்கள் இருந்தால் அவற்றைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். மூல ஃபைல் கேமரா கார்டிலோ போனிலோ இன்னும் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.